அமுக்காமல் பொருந்தும் பாகங்கள்

கம்ப்யூட்டர் பாகம் வாங்க வருகிறவர்கள் வேகத்தைக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள். நான் கேட்டது வேறு.

"இதை எவ்வளவு அமுக்கணும் அண்ணாச்சி?"

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் காளீஸ்வரன் அண்ணாச்சி மதர்போர்டு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "எதைத் தங்கச்சி?"

"எதையும்தான். ஒவ்வொரு பாகமா சொல்லுங்க. எது சும்மா வச்சா உக்காரும், எது அமுக்குனா உக்காரும்?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லையே" என்றார். கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் யாரும் ஒன்பது வருஷம் மருந்து அடைத்தவர்கள் இல்லை.

என் பெயர் மாடத்தி. வயது முப்பத்து மூன்று. வெளியூர்க்காரர்களுக்கு ஆபீஸ் என்றால் நாற்காலியும் மேஜையும். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ்தான், பட்டாசு செய்கிற இடமும் ஆபீஸ்தான். அந்தப் பட்டாசு ஆபீஸில் காகிதக் குழாய்களுக்குள் மருந்து அடைப்பது என் வேலை. வெடிக்கிற பொடிக்கு மருந்து என்று பேர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கையில் கிடைத்தால் கேட்க நாலு கேள்வி வைத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே போர்மேன் சொல்லிவிடுவார். மருந்து இறங்கவில்லையா, அமுக்காதே. குழாயைக் கீழே வை, வெளியே வா. காலையில் ஒரு தடவை, சாப்பிட்டு வந்த பிறகு ஒரு தடவை என்று ஒன்பது வருஷம் அதைக் கேட்டேன். கேட்டுக் கேட்டு அது மூளையை விட்டு இறங்கி விரலுக்குள் போய்விட்டது. ஒரு பொருள் லேசாக எதிர்த்தால் போதும், நான் நினைப்பதற்கு முன்னால் கை நின்றுவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில் ஏழாம் நம்பர் அறை போய்விட்டது. நான் எட்டில் இருந்தேன். முதலில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டப்பா மூடியைப் பூட்டினால் வருமே, அப்படி ஒரு 'டக்'. பிறகு வந்த பெரிய சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. கண்ணைத் திறந்தபோது வேலிக்கு வெளியே பருத்திக் காட்டுக்குள் கிடந்தேன். எப்படி ஓடினேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஏழில் என் சேக்காளி ஸ்டெல்லாமேரி இருந்தாள். அவள் ஓடி வரவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள், தொழிலாளி அளவுக்கு மீறி அழுத்தியதால் விபத்து என்று எழுதிவிட்டுப் போனார்கள். எழுதுவதற்கென்ன, பேனா அவர்கள் கையில் இருந்தது. ஸ்டெல்லாமேரி வடையைக்கூட அழுத்திப் பிய்க்காதவள். அவர்கள் எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. ஆனால் என் கை நம்பிவிட்டது.

அன்றிலிருந்து 'டக்' என்று பூட்டுகிற எதையும் என்னால் அமுக்க முடியாது. குக்கர் மூடி, பூட்டு, டிபன் பாக்ஸ் கொக்கி, எல்லாம் என் வீட்டுக்காரர் பூவனலிங்கம்தான் போட்டுத் தர வேண்டும். ரெடிமேட் கம்பெனி ஒன்றில் சட்டைக்குப் பிரஸ் பட்டன் அடிக்கிற வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு உட்கார்ந்தேன், பதினொன்றுக்கு ரோட்டில் நின்றேன். சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடிவந்து, செருப்பை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று கொண்டுவந்து தந்தார். அந்த அவமானம் பெரிதில்லை. முப்பத்து மூன்று வயதில் இரண்டு கையும் இனி உதவாது என்று ஆகிவிடுமோ என்றுதான் எனக்குத் திகில். கை போய்விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "கைக்குப் பிடிச்ச வேலை ஏதாவது ஒண்ணை முழுசா செஞ்சு முடிங்க, கொஞ்சம் கொஞ்சமா சரியாகும்" என்றார். என் கைக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, ஆபீஸ் வேனில் போய்வரும்போது போனில் பழகிய துப்பாக்கி விளையாட்டு. பெருமைக்குச் சொல்லவில்லை, அதில் நான் நல்ல ஆள். போனில் டக் கிடையாது, தொட்டால் போதும். அங்கே குண்டு வெடித்தால் எனக்குத் துளிப் பயமில்லை. செத்தவர்கள் பத்து விநாடியில் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் முடிவு செய்தேன். பெரிய திரையில் விளையாட ஒரு கம்ப்யூட்டர், ஒவ்வொரு பாகமாக நானே தேர்ந்தெடுத்து, நானே பொருத்துவது. பூவனலிங்கம் பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர். பாகம் என்றால் அவருக்குப் பயம் கிடையாது.

"ஏட்டி, கடையிலயே மாட்டித் தருதாவல்லா? அப்படியே வாங்கிட்டு வந்துருவோம்" என்றார்.

"மாட்டித் தந்தா அது கம்ப்யூட்டர் மட்டும்தான். எனக்கு என் கை வேணும்."

"சரி, நீயே மாட்டு" என்றார்.

இரண்டு மாசம் வீடியோ பார்த்தேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது, அவை என்னோடும் ஒத்துப்போக வேண்டும்.

முதலில் பிராசஸர். ஒரு ரகத்தில், அதை வைத்து மேலே ஒரு தகட்டை மூடி, கம்பி ஒன்றை இழுத்து அமுக்கிப் பூட்ட வேண்டும். கம்பி இறங்கும்போது நெறுநெறுவென்று ஒரு சத்தம். வீடியோக்காரன் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்க, இப்படித்தான் சத்தம் வரும்" என்றான். போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு வாசலில் போய் நின்றேன். பாதி நாள் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீடியோவையும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன்.

இன்னொரு ரகம், கொஞ்சம் பழையது. அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் இருக்கும். மூலையில் ஒரு முக்கோணக் குறி, போர்டிலும் அதே மூலையில் ஒரு முக்கோணம். இரண்டையும் சேர்த்து மேலே விட்டால், தன் எடையிலேயே ஓட்டைக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். அமுக்கினால்தான் கெட்டுப்போகும் என்று கீழே எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் என் போர்மேன் பேச்சைக் கேட்கிற பாகம் ஒன்று இருக்கிறது!

அந்தப் பிராசஸருக்குப் பழைய ரகப் போர்டுதான் சேரும். அந்தப் போர்டுக்கு நாலாம் தலைமுறை ரேம்தான் சேரும், ஐந்தாம் தலைமுறைக்கு நடுவில் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உள்ளேயே போகாது. படம் காட்டுகிற வேலையையும் தானே செய்துகொள்கிற பிராசஸராகப் பார்த்து எடுத்தேன், கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்றைச் சொருகி அமுக்குகிற வேலை மிச்சம். குளிர்விக்கிற விசிறிக்கு நாலு திருகாணி. திருகுவதில் எனக்குப் பயமில்லை, ஆணி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கையிடம் சொல்லிவிடும். ஆடிக்காற்றில் கரிசல் தூசி கதவிடுக்கில்கூட வந்துவிடும் என்பதால் வலை போட்ட கேபினெட். மவுஸ், கீபோர்டு இரண்டும் சத்தமில்லாத ரகம்.

"நல்லா விசாரிச்சுதான் வந்திருக்கிய" என்றார் காளீஸ்வரன் அண்ணாச்சி. "ஆனா எல்லாரும் புதுசுக்குப் போறாவ. நீங்க என்ன பழசாப் பாத்து எடுக்கிய?"

"பழசுதான் அண்ணாச்சி எனக்குச் சேரும்."

ரேமில்தான் இடறியது. போர்டு செய்த கம்பெனி, எந்தெந்த ரேமைப் போட்டு சோதித்தோம் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தது. அதில் உள்ள எதுவும் கடையில் இல்லை. வேகமும் தலைமுறையும் ஒன்றாக இருக்கிற வேறு இரண்டை, எட்டு ஜி.பி. வீதம், எடுத்தேன். பட்டியலில் இல்லாததும் வேலை செய்யும் என்று அண்ணாச்சி சொன்னார். இருந்தாலும் நோட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் டிக் போட்ட நான், ரேமுக்கு மட்டும் கேள்விக்குறி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பாட்டு மேஜையைத் துடைத்து அட்டை விரித்து உட்கார்ந்தேன். பவர் சப்ளையிலிருந்து வரும் ஒயர்களைச் சொருகுவது பூவனலிங்கம் பொறுப்பு, போர்டு மேல் உட்கார்கிற எல்லாம் என் பொறுப்பு என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம்.

ஆரம்பிக்கும் முன் ஏதாவது இரும்பைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் போட்டிருந்தது. அதைப் படித்துச் சிரித்தேன். அறைக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டு ஒன்பது வருஷம் பழகியவளுக்கா பாடம்? ஜன்னல் கம்பியைத் தொட்டேன். பருத்திச் சேலைதான் கட்டியிருந்தேன். வெறுங்காலோடுதான் இருந்தேன்.

பிராசஸரை முக்கோணம் பார்த்து வைத்தேன். சொன்ன மாதிரியே சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. விசிறியின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூசியிருந்ததைப் பார்த்ததும் கை பின்னால் போய்விட்டது. பார்த்தால் அப்படியே அலுமினிய மருந்து. சூட்டை இழுக்கிற பசை என்று வீடியோவில் பார்த்திருக்கிறேன், தெரியும். தெரிந்தாலும் அதைத் திருகி முடிப்பதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

பிறகு ரேம். இரண்டு பட்டைகள். வெட்டுப் பார்த்து நேராக நிறுத்தி, கட்டைவிரலால் இறக்கினேன். கொஞ்சம் போனது. பிறகு எதிர்த்தது. கை நின்றது. மேலே இருந்து பார்த்தால் நேராகத்தான் தெரிந்தது. இரண்டாவதையும் அப்படியே வைத்தேன். எடுத்த வேலை முடிந்தது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் ஒயர்களைச் சொருகினார். அந்த நேரம் நான் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் நின்றுகொண்டேன்.

சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது. படம் வரவில்லை.

ஒரு நிமிஷம் நின்றோம், இரண்டு நிமிஷம் நின்றோம். போர்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. குனிந்து படித்தேன். பக்கத்தில் ரேமுக்கான குறி போட்டிருந்தது.

கேள்விக்குறி போட்ட அந்த ஒன்று! பட்டியலில் இல்லாததை எடுத்தேனே, அதுதான் சேரவில்லை. அமுக்காத பாகமாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேனே தவிர, ஒன்றோடொன்று சேருமா என்பதில் கோட்டை விட்டுவிட்டேன். இரண்டு மாசம் நோட்டில் எழுதியது எல்லாம் பயந்தாங்கொள்ளியின் புலம்பல் என்று தோன்றியது. இனி எனக்கு எதுவும் முடியாது. குக்கர் மூடிக்கு ஆள் கூப்பிட்டே கிழவியாகிவிடுவேன்.

"ஆஃப் பண்ணுங்க" என்றேன். "ஆஃப் பண்ணுங்க, எரிஞ்சிரும்."

"ஒண்ணும் எரியல ஏட்டி. இரு, அவியகிட்ட கேப்போம்." அவரே காளீஸ்வரன் அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

நான் அழாத குறையாகச் சொன்னேன். "அண்ணாச்சி, ரேம் சேரல. மஞ்ச விளக்கு எரியுது. நான் தப்பானதை எடுத்துட்டேன்."

"பதறாதீங்க தங்கச்சி. சேராம இருக்காது. ரேமை அமுக்கும்போது சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்?"

"டக்குன்னு. பக்கத்துல ஒரு கொண்டி இருக்குல்லா, அது வந்து மாட்டுத சத்தம். அது கேக்க வரைக்கும் அமுக்கணும். எல்லா வீடியோலயும் அதைத்தான சொல்லுதான்?"

எல்லா வீடியோவிலும் சொல்லியிருப்பான். நான்தான் எந்த வீடியோவையும் காதால் பார்க்கவில்லையே.

"நல்லா பலமா அமுக்குங்க" என்றார் அண்ணாச்சி. "போர்டு லேசா வளையும், பயப்படாதீங்க."

பூவனலிங்கம் போனை வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, சட்டைக் கையை மடக்கினார். "நகரு. ரெண்டு அமுக்கு, முடிஞ்சு போச்சு."

"தொடாதீங்க!"

அந்தக் கத்தல் எனக்கே அதிகமாகத்தான் பட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"நான்தான் செய்யணும்" என்றேன். "நீங்க வெளிய போங்க."

"நான் இங்கன நிக்கதுல உனக்கு என்ன?"

"ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேரும் உள்ள இருக்கக் கூடாது."

என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பட்டை என்ன செய்துவிடும் என்றும் கேட்கவில்லை. வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதல் பட்டையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கட்டைவிரல்களை வைத்தேன். அமுக்கினேன். எதிர்த்தது. கை நின்றது. எடுத்து, சேலையில் துடைத்து, திரும்ப வைத்தேன். மறுபடி நின்றது. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது போலவே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. என் கை மேல் வந்தது, எழுதிவிட்டுப் போன பேனாக்காரர்கள் மேல் வந்தது, ஒன்பது வருஷமும் நல்லதைத்தான் சொன்ன போர்மேன் மேல்கூட வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உடம்பு எடையையே விரலில் போட்டேன்.

டக்.

அடுத்து எனக்குத் தெரிந்தபோது நான் தெருவைத் தாண்டிப் போயிருந்தேன். எதிர்வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனையில், முழங்காலளவு ஆவாரஞ்செடிக்கு நடுவில், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எதுவும் வெடிக்கவில்லை. எதிர்வீட்டு முத்துத்தாய் துணி காயப்போட்டபடி, "என்ன மாடத்தி, பாம்பா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்குள்ளிருந்து பூவனலிங்கம் கத்தினார். "ஏட்டி, வா! வா! படம் வந்துட்டு!"

உள்ளே போனேன். நான் ஓடியதும் அவர் பொறுக்க மாட்டாமல் போட்டுப் பார்த்திருக்கிறார். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றிருந்தன. நான் தேர்ந்தெடுத்த பிராசஸரின் பெயர், நான் தேர்ந்தெடுத்த போர்டின் பெயர். கேள்விக்குறி போட்ட ரேமும் சேர்ந்துவிட்டது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. ரேம் அளவு போட்டிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. ஓடாமல் இருந்திருந்தால் இரண்டையும் அமுக்கியிருப்பேன். ஒன்றுதான் உட்கார்ந்திருக்கிறது.

"பாதிதான் இருக்கு" என்றேன்.

"இருந்தா என்ன? அதான் ஓடுதுல்லா. இன்னொண்ணை எடுத்து வச்சிருவோம், பெறவு பாத்துக்கிடலாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலை இறக்கினார். "போதும்ட்டி. இன்னைக்கு இது போதும். நீ ஓடுனதைப் பாத்தேன். என்னால பாக்க முடியல."

அவர் சொன்னது நியாயம்தான். எட்டு போதும், விளையாட்டு ஓடும். இனி யாரும் என்னை எதையும் அமுக்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பாதியோடு விட்டால் இனி ஒவ்வொரு தடவையும் பாதியோடுதான் விடுவேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் தடவை பயத்தோடு செய்தேன், என்ன நடக்கும் என்று தெரியாது. இப்போது தெரியும். தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகப் பயமாக இருந்தது.

"ஆஃப் பண்ணுங்க" என்றேன். "பிளக்கைப் பிடுங்குங்க."

"மாடத்தி."

"வெளிய நிக்க வேண்டாம். இங்கனயே நில்லுங்க."

அவர் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டாவது பட்டையின் மேல் கட்டைவிரல்களை வைத்தேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அமுக்கினேன். எதிர்த்த இடத்தில் கை நின்றது. நிற்கட்டும் என்று அங்கேயே வைத்திருந்தேன், எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அமுக்கினேன். போர்டு லேசாக வளைவது தெரிந்தது. வாய்விட்டு, "அய்யோ, அய்யோ" என்று சொல்லிக்கொண்டேதான் அமுக்கினேன்.

டக்.

கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. உடம்பும் பாதி திரும்பிவிட்டது. மேஜையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிடியில் மேஜை ஆடியது, அதன் மேல் இருந்த திருகாணிகள் ஆடின. மூச்சு வரவில்லை. பிறகு வந்தது. நான் அங்கேயேதான் இருந்தேன்.

அவர் பிளக்கை மாட்டிவிட்டு, சுவிட்சுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"அதைத் தொடாதீங்க" என்றேன். "கை நடுங்குது. நடுங்கிட்டுப் போட்டும். நானே போடுதேன்."